மூச்சு விட இடம் விட்டுத் தைக்கணும்

"அந்தக் காலத்து நடிகைங்க நடிச்சாங்க, இப்ப வர்றவங்க உடம்பைத்தான் காட்டுறாங்க." சினிமாவில் எனக்கு என்ன வேலை என்று தெரிந்ததுமே பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வது இது. மோர் வருவதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிடும்: "ஆமா, அந்தப் பொண்ணு நெசமாவே அவ்ளோ ஒல்லியா?" நடிப்புக்காகக் கவலைப்பட்டவர் இடுப்புக்கு வந்துசேர இவ்வளவு நேரம்தான் ஆகும்.

நடிகைகளுக்கு உடை தைப்பதும், போட்டுப் பார்த்துத் திருத்துவதும், படப்பிடிப்பில் ஊசி நூலோடு கூடவே நிற்பதும் என் வேலை. வடபழனியில் காஸ்ட்யூமராக இருந்த சித்தப்பாவிடம் ஹூக் கட்டப் பழகித்தான் ஆரம்பித்தேன். அவர் விட்டுப்போனதில் ஒரு தையல் மெஷினும் சில அளவு நோட்டுகளும் எனக்கு வந்தன. அந்த நோட்டுகளில் பெரிய பெயர்கள் உண்டு. யாருக்கு எவ்வளவு என்று எங்கேயும் சொல்ல மாட்டேன். அளவு நோட்டு டாக்டர் சீட்டு மாதிரி, அடுத்தவர் கண்ணில் படக்கூடாது. பொதுவாக ஒன்று சொல்லலாம். ஒரே நடிகைக்கு ஒரே வருஷத்துக்குள் அளவு கூடியும் குறைந்தும் இருக்கும். ஓரத்தில் சித்தப்பா பென்சிலால் குறித்திருப்பார்: 'பேடு வைக்கச் சொன்னார்கள்', 'இடுப்பை இன்னும் பிடிக்கணுமாம்'.

ஆக, உடம்பைப் பார்க்காத பொற்காலம் எதுவும் அந்த நோட்டுகளில் இல்லை. 1950, 60களின் படங்களில் வரும் கூம்பு வடிவ ரவிக்கைகளைப் பாருங்கள். உள்ளே பேடு வைத்து, தையலைச் சுற்றிச் சுற்றி ஓட்டி விறைப்பாக்கிய துணி அது. எந்தப் பெண்ணின் உடம்பும் தானாக அப்படி நிற்காது. அன்றைக்குப் பூசினாற்போல இருக்கவேண்டும் என்று ஒல்லியாக வந்தவர்களுக்குப் பஞ்சு வைத்தார்கள். இன்றைக்கு வயிறு தட்டையாகத் தெரியவேண்டும் என்று உடம்பை இறுக்கும் உள்ளாடையான ஷேப்வேர் போட்டு நசுக்குகிறார்கள்.

மாறியது நடிகையிடம் கேட்கிற வேலை. அது குறையக் குறைய, உடம்பைப் பற்றிய பேச்சு அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். இத்தனை படங்களில் டேப் பிடித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் கிட்டப்பா 1933-இல் இறந்தபிறகு ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தவர். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். எதிரே வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். அந்தப் படத்துக்கு சுந்தராம்பாள் வாங்கிய ஒரு லட்ச ரூபாயை இன்றும் பேசுகிறார்கள். அந்த லட்சம் எதற்கு? மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்த குரலுக்கு. பிறகு அவர் வந்த வேடங்கள் ஔவையார் (1953), 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள் (1964), 'திருவிளையாட'லில் மறுபடி ஔவை (1965). தலையில் நரை, கையில் கோல். அந்த உடம்பைப் பற்றி யாருக்கும் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. அந்தக் குரல் இருக்கும்போது பேச வேறென்ன இருக்கிறது?

'பக்த நந்தனார்' வந்தது, சொந்தக் குரலில் பாடினால்தான் நடிகை என்று இருந்த நாளில். 1938-இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாடல் முறை தமிழுக்கு வந்ததாகச் சொல்வார்கள். பாட்டு நடிகையின் தொண்டையிலிருந்து கழன்றது. நல்ல விஷயம்தான். பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் நமக்குக் கிடைத்தது அதனால்தான். பாடத் தெரியாத, ஆனால் நடிக்கத் தெரிந்தவர்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் அத்தோடு நிற்கவில்லை. அடுத்து வசனக் குரலும் கழன்றது. வட இந்தியாவிலிருந்து கதாநாயகிகள் வர வர, இன்னொருவர் குரல் கொடுப்பதே வழக்கமாகிவிட்டது. பாட்டும் பேச்சும் போன பிறகு மிச்சம் என்ன? முகம், இடுப்பு, நிறம். அதை அளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

சரிதாவை நினைத்தால் இது பளிச்சென்று புரியும். கருத்த நிறம், உருண்டை முகம், அகலக் கண்கள். 'தண்ணீர் தண்ணீர்' (1981) படத்தில் கரிசல்காட்டுப் பெண்ணாகவே நின்றவர். அதே சரிதாதான் பிறகு நக்மா, விஜயசாந்தி என்று பலருக்குப் பின்னணியில் பேசினார். திரையில் தெரிகிற உடம்பு ஒருவருடையது, அதற்கு உயிர் கொடுக்கிற குரல் இன்னொருவருடையது. தியேட்டரில் நாம் கைதட்டியது இரண்டு பெண்களுக்கு. சுவரொட்டியில் இருந்தது ஒருவர். சிம்ரனுக்கும் இதேதான் நடந்தது. பல படங்களில் அவருக்காகப் பேசியவர் சவிதா. பத்திரிகைகள் சிம்ரனை இடுப்பழகி என்று எழுதித் தள்ளின. அருகில் நின்று ஆடுகிறவர்களைக் கவனிக்கிற எனக்கு அந்தப் பட்டம் எரிச்சல்தான். தாளத்தில் நிறுத்தி, அரை நொடி பிடித்து, அடுத்த அடியில் விடுகிற கட்டுப்பாடு அது. அசுரப் பயிற்சி இல்லாமல் வராது. அந்த உழைப்பை இடுப்பின் சுற்றளவாகச் சுருக்கிவிட்டோம்.

குஷ்புவுக்கு இதன் மறுபக்கம். 'சின்னத்தம்பி' (1991) ஓடிய ஓட்டத்தில் திருச்சியில் அவருக்குக் கோயிலே கட்டினார்கள். புசுபுசுவென்று உப்பிய இட்லிக்கு அவர் பெயர் வந்தது. இன்றைக்கும் ஓட்டல் பலகையில் இருக்கிறது. பிரியத்தில் வைத்த பெயர் என்பார்கள். இருக்கலாம். அந்தக் காலத்தில் எந்த நாயகனின் தொப்பைக்காவது பலகாரப் பெயர் வைத்தோமா?

சில்க் ஸ்மிதா கதை எனக்கு இன்னும் வலிக்கும். நடிகைகளுக்கு டச்-அப் செய்கிறவராக இருந்து நடிக்க வந்தவர் என்பதால், எங்களைப் போன்ற பின்வரிசை ஆட்களுக்கு அவர் மேல் தனி ஒட்டுதல் உண்டு. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) படத்தில் தியாகராஜனின் மனைவியாக முழுக்கச் சேலையில் வருவார். கணவன் முகம் பார்த்துத் தயங்குவதும், ஒரு கட்டத்துக்குமேல் தயங்காததும் அவர் கண்ணிலேயே இருக்கும். அப்படி இன்னும் பத்து வேடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

எங்கள் வேலையில் படப்பிடிப்புக்கு முன்னால் 'காஸ்ட்யூம் சார்ட்' என்று ஒன்று வரும். எந்தக் காட்சி, கதையில் எந்த நாள், யாருக்கு என்ன உடை, முந்தின காட்சியின் தொடர்ச்சி என்ன என்று உதவி இயக்குநர் எழுதித் தருவார். அதைப் பார்த்தே அந்தப் படப்பிடிப்பில் என்ன பேச்சு ஓடும் என்று சொல்லிவிடுவேன். ஒரு சார்ட்டில் நாயகிக்கு எதிரே, 'ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அதே காட்டன் சேலை. முந்தானையில் எண்ணெய்க் கறை. இடது தோளில் குழந்தை எச்சில்' என்று இருக்கும். அங்கே மானிட்டர் முன்னால் உட்கார்ந்து யாரும் "மேடம் கொஞ்சம் வெயிட் போட்ட மாதிரி இருக்கே" என்று சொல்ல மாட்டார்கள். பேச வேறு வேலை இருக்கும். இன்னொரு சார்ட்டில் 'அறிமுகம் - மாடர்ன்', 'பாட்டு 1 - கிளாமர்', 'பாட்டு 2 - கிளாமர், வேறு கலர்' என்று மட்டும் இருக்கும். அந்தப் பெண்ணின் கையைப் பற்றி, தொடையைப் பற்றி, நிறத்தைப் பற்றி லைட் பாய் வரைக்கும் கருத்துச் சொல்வார்கள். அவளுக்கென்று எழுதப்பட்டது அவ்வளவுதான் என்றால், பார்க்க வேறென்ன வைத்தார்கள்?

திறமைக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பு நேராகக் கண்ணில் பட்டது ஒரு ரவிக்கையில். வட்டார வழக்கில் நீளமான வசனங்கள் உள்ள படம் அது. படப்பிடிப்பு இடத்திலேயே ஒலி பதிவு செய்கிற சிங்க் சவுண்ட் முறை. நாயகி இரண்டு மாதமாக ஊர்க்காரப் பெண்களோடு இருந்து பேச்சைப் பழகியிருந்தார். முதல் நாள் காலையில் நிர்வாகத் தரப்பிலிருந்து ஒருவர் வந்து, "ரவிக்கை லூசா இருக்கும்மா, இன்னும் ஒரு இஞ்ச் பிடிங்க" என்றார். பிடித்தேன். மாட்டும்போதே விலாப்பக்கம் கடைசி இரண்டு ஹூக் திமிறியது. நாயகி ஒன்றும் சொல்லவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது.

ஷாட் ஆரம்பித்தது. மாமியாரிடம் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளவேண்டிய காட்சி. பாதி வசனத்தில் குரல் இறங்கியது. இன்னொரு டேக், அதே இடத்தில் அதே இறக்கம். மூன்றாவதில் நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. இயக்குநர் முகம் சுருங்கியது. "ஹோம்வொர்க் பண்ணலையா?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஒலிப்பதிவாளர் மட்டும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அக்கா, அவங்களுக்கு வசனம் தெரியுது. மூச்சுதான் உள்ள போக மாட்டேங்குது. என்னன்னு பாருங்க."

சேலை மறைப்பில் அவரைத் திருப்பி நிற்கவைத்து, ரவிக்கையைக் கழற்றி வாங்கி இரண்டு பக்கத் தையலையும் பிரித்தேன். பிடித்ததற்குமேல் அரை இஞ்ச் விட்டு மறுபடி ஓட்டினேன். ரவிக்கையை வாங்கி மாட்டினவர் ஒரு பெருமூச்சு விட்டார். அடுத்த டேக்கில் அந்தக் காட்சி முடிந்தது. மாமியாராக நடித்த அம்மா கட் சொன்னபிறகும் அழுதுகொண்டிருந்தார். மானிட்டரில் பார்த்த யாருக்கும் ரவிக்கை மாறியதே தெரியவில்லை.

இதே ரவிக்கை, குரலை வேறொருவர் கொடுக்கப்போகிற படத்தில் மாட்டியிருந்தால்? யாரும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். உதடு அசைந்தால் போதும், மூச்சு யாருக்கு வேண்டும்? அந்த நாளிலிருந்து படத்துக்கு ஒப்புக்கொள்ளும்போதே நான் கேட்கிற முதல் கேள்வி, "யார் பேசறாங்க?" என்பதுதான்.

தையல் தெரிந்த தங்கைகளுக்கும், இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கும் என் பழக்கத்தைச் சொல்கிறேன். அளவெடுக்கிற அறையில் நானும் அந்த நடிகையும் மட்டும் இருப்போம். அவர் விரும்பினால் அவருடைய ஆள் ஒருவர். மேனேஜர், உதவி இயக்குநர், "சும்மா பார்க்கிறேன்" என்பவர் யாருக்கும் இடமில்லை. எண்ணை வாய்விட்டுச் சொல்லி உதவியாளரை எழுதச் சொல்லும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டேன். நானே பார்த்து நானே எழுதுவேன். "போன தடவைக்கு ஏறியிருக்கே" என்ற சொல் என் உதவியாளர்கள் வாயில் வந்தால் அன்றைக்கு அவர்களுக்குப் பட்டன் கட்டுகிற வேலைதான்.

நின்றபடி எடுக்கிற அளவு போட்டோவுக்குத்தான் ஆகும். உட்காரவைத்து ஒருமுறை, இரண்டு கையையும் தூக்கச் சொல்லி ஒருமுறை, மூச்சை முழுசாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒருமுறை எடுக்கவேண்டும். மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி எடுக்கிற அளவு மூச்சை இழுத்ததும் கூடும். அந்தக் கூடுதல்தான் வசனத்துக்கான இடம். ஆட்டம் இருந்தால் அக்குளுக்குக் கீழே குறுக்கு வெட்டில் ஒரு துண்டுத் துணி கொடுப்பேன். கை தூக்கும்போது ரவிக்கை ஏறாது. இரண்டு பக்கமும் உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி மடிந்து கிடக்கும். மாதவிலக்கு நாளில் உடம்பு உப்பும். ராத்திரி ஷூட்டிங் முடித்துத் தூங்காமல் வந்தால் உப்பும். காலை அளவும் சாயங்கால அளவும் ஒன்றாக இருக்காது. உடம்பு என்பது மாறுகிற பொருள் என்று தெரிந்து தைத்தால் ரவிக்கையைப் பிரித்து ஓட்டினால் முடிந்தது. தெரியாமல் தைத்தால் அந்தப் பெண் பட்டினி கிடப்பாள்.

பட்டினியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாட்டு எடுக்கப்போகிறார்கள் என்றால் உப்பை நிறுத்துவது, தண்ணீரைக் குறைப்பது, முந்தின நாள் ராத்திரி வெறும் பழம். வெயிலில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பாட்டில், குரூப் டான்சர் பெண்களில் ஒருத்தி வரிசையிலிருந்து அப்படியே சரிந்தாள். பாவாடை நாடாவைத் தளர்த்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தபோது, "காலையிலேர்ந்து குடிக்கலக்கா" என்றாள். வயிறு தெரியும் என்ற பயம் ஒன்று. இன்னொரு காரணம் கேட்டால் வெட்கப்படவேண்டியது அவள் அல்ல: பக்கத்தில் கழிப்பறை இல்லை. நாயகிக்குக் கேரவன் இருக்கும். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுக்கும் டான்சருக்கும் வயக்காடுதான். மலையாள சினிமாவில் பெண்களின் நிலை பற்றிக் கேரளத்தில் நீதிபதி ஹேமா குழு தந்த அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது இதுவும் அதில் எழுதப்பட்டிருந்தது. கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாமல் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பதும், அதனால் சிறுநீர்த் தொற்று வருவதும் அரசு ஆவணத்தில் ஏறியது. வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் நான் இப்போது புரொடக்‌ஷன் மேனேஜரிடம் உடை மாற்றும் கூடாரத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன். தரவில்லையென்றால் உடை வண்டி கிளம்பாது. இரண்டு தடவை முறைப்பார்கள், மூன்றாவது தடவை தானே வந்துவிடும்.

உடம்பைக் கதைக்காக மாற்றுவது வேறு விஷயம் என்று நினைப்பவர்கள் 'இஞ்சி இடுப்பழகி' (2015) படத்தை நினைத்துக்கொள்ளலாம். அந்த வேடத்துக்காக அனுஷ்கா நிஜமாகவே எடை கூட்டினார். பேடு கட்டி ஏமாற்றாமல் நடித்தது பெரிய துணிச்சல். ஆனால் ஏற்றிய எடை படம் முடிந்த மறுநாள் இறங்காது. அடுத்தடுத்த படங்களுக்கு அவர் வந்தபோது பேச்சு எதைப் பற்றி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆண் நடிகர் பாத்திரத்துக்காக எடை ஏற்றினால் 'அர்ப்பணிப்பு' என்று தலைப்பு வரும். அந்தத் தலைப்பு அவர் எடை இறங்கும்வரை செல்லும்.

நாயகர்களுக்கும் நாங்கள் வித்தை காட்டுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டி-ஷர்ட்டுக்குமேல் பட்டன் போடாத சட்டை எதற்கென்று நினைக்கிறீர்கள்? இரண்டு பக்கமும் தொங்குகிற அந்தச் சட்டை வயிற்றின் நடுவில் ஒரு பட்டையை மட்டும் காட்டும், மீதியை மறைக்கும். அடர்நிறம், இன் பண்ணாத சட்டை, தோளில் கொஞ்சம் பேடு. யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதுமில்லை. பனிமலைப் பாட்டில் அவருக்குக் கோட்டும் மப்ளரும், அவளுக்கு ஷிபான். இடுப்பு தெரியவேண்டும் என்றால் உள்ளே கம்பளியும் போடமுடியாது. கட் சொன்னதும் கம்பளியோடு ஓடுவது எங்கள் வேலை. நீலம் பாரித்த உதட்டை டச்-அப் பெண் சிவப்பாக்குவாள். பாட்டில் அவர்கள் சிரிப்பார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்குத் தனி விருது கொடுக்கலாம்.

கேமராவைப் பற்றியும் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். அகலக் கோண லென்ஸைப் பக்கத்தில் வைத்தால் மூக்கும் கன்னமும் முன்னே தள்ளும். தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்தால் அதே முகம் அமைதியாக இருக்கும். நேரே முகத்தில் அடிக்கிற தட்டையான வெளிச்சம் முகத்தை அகலமாக்கும். பக்கவாட்டு வெளிச்சம் தாடையைச் செதுக்கும். மானிட்டரில் ஒரு ஷாட் பார்த்துவிட்டுக் கேரவனில் அழுத பெண்ணிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஷாட்டில் லென்ஸ் மாறியது, அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. நடுவில் சாப்பிட்டதென்னவோ ஒரு தயிர்சாதம்.

பழைய படங்களைப் பார்த்தால், நடிப்பு வேலை கேட்கப்பட்ட பெண்கள் எப்படி நின்றார்கள் என்று தெரியும். 'தில்லானா மோகனாம்பாள்' வந்த 1968-இல் பத்மினிக்கு 36 வயது. கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர். இளம் நாட்டியக்காரியாக வந்தார். 'நலந்தானா' பாட்டில் கூட்டத்துக்கு நடுவே ஆடிக்கொண்டே ஒருவனிடம் மட்டும் நலம் விசாரிக்கவேண்டும். அதைக் கண்ணாலும் புருவத்தாலும் செய்தார். அதே படத்தில் ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா. ஆயிரம் படங்களைத் தாண்டிய ஆச்சிக்கு எந்த உடம்பும் தடையாக இருந்ததில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவ்வளவு நடிக்கத் தெரிந்தவரைக் கதாநாயகியாக எத்தனை படங்களில் வைத்தார்கள்? திறமை இருந்தால் உடம்பைப் பார்க்க மாட்டார்கள் என்பதும் முழு உண்மையில்லை. பார்த்துவிட்டு வேறு வரிசையில் உட்காரவைப்பார்கள்.

சாவித்திரியின் 'மாயா பஜார்' (1957) காட்சியை என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவேன். கடோத்கஜன் வத்சலாவின் உருவத்தில் மணமேடைக்கு வருவான். அதே பட்டு, அதே நகை, அதே பெண். உள்ளே இருப்பது ஒரு ராட்சதன். தோளை விரித்து, கழுத்தை ஒரு திருப்பு திருப்பி, மாப்பிள்ளையான தங்கவேலுவை அலறவைப்பார். உடையில் ஒரு நூல் மாறவில்லை, ஆள் மாறிவிடுகிறார். எங்கள் தொழிலுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. உடை அவ்வளவுதான் செய்யும், மீதியை அவர் செய்வார்.

இன்றைக்கும் நடிகைகளிடம் அப்படி வேலை கேட்கிற படங்கள் இருக்கின்றன. 'நாயகன்' (1987) கதாநாயகி சரண்யாவுக்கு 'தென்மேற்குப் பருவக்காற்று' (2010) படத்தின் வீராயிக்காகத்தான் தேசிய விருது வந்தது. தன் நிறத்தைச் சொல்லி நிராகரித்தார்கள் என்று ஐஸ்வர்யா ராஜேஷ் மேடையிலேயே பேசினார். 'காக்கா முட்டை' (2015) அம்மாவைப் பார்த்தவர்கள் அதன்பிறகு நிறத்தைப் பேசவில்லை. 'திருச்சிற்றம்பலம்' (2022) ஷோபனாவுக்காக நித்யா மேனன் தேசிய விருது வாங்கினார். ஒல்லிக் கணக்கில் சேராத, பக்கத்து வீட்டுப் பெண்ணாகவே உட்கார்ந்து பேசுகிற வேடம். ஊர்வசியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஒரே வாக்கியத்துக்குள் கோபம், கெஞ்சல், அசட்டுத்தனம் எல்லாம் போய்வரும். அந்தக் குரலை யாராவது மாற்றிப் பேசமுடியுமா? மாற்றமுடியாத ஒன்றை வைத்திருப்பவரின் இடுப்பை யாரும் அளந்துகொண்டிருப்பதில்லை.

அதனால் நடிக்க வருகிற பெண்களுக்கும், கூட வருகிற அம்மாக்களுக்கும் நான் சொல்வது எல்லாம் நடைமுறை விஷயம். ஜிம் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் தமிழ்ப் பேச்சுக்குச் செலவு பண்ணுங்கள். சொந்தக் குரலில் பேச அனுமதி கேளுங்கள். முடியாது என்றால் ஒரு காட்சிக்காவது பேசிக்காட்டுங்கள். ஒப்பந்தம் பேசும்போதே உடையைப் பற்றிப் பேசிவிடுங்கள்: என்ன மாதிரி உடை, யார் முடிவெடுப்பது, முன்னாலேயே போட்டுப் பார்க்கமுடியுமா என்று. செட்டில் உடையைப் பார்த்துத் திகைத்து நின்றபிறகு மறுத்தால், தாமதம் உங்கள் தலையில் விழும். "பத்து நாள்ல அஞ்சு கிலோ குறைச்சிட்டு வா" என்று சொன்னால் எந்தக் காட்சிக்கு, எதற்கு என்று கேளுங்கள். பதில் காட்சியைப் பற்றி இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு யோசியுங்கள். பதிலே இல்லையென்றால் உங்களுக்கு அந்தப் படத்தில் வேலையும் இல்லை என்று அர்த்தம். உடை இறுக்கினால் வாயைத் திறந்து சொல்லுங்கள். பிரித்து ஓட்ட எனக்குப் பத்து நிமிஷம். மயங்கி விழுந்தால் அரை நாள் கால்ஷீட் போகும். தயாரிப்பாளர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும், உடம்பு நலம் பற்றிய பிரசங்கம் புரியாது.

கல்யாண சீசனில் வெளி ஆர்டரும் எடுப்பேன். மணப்பெண்கள் போனில் ஏதாவது ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி பிட்டிங்" என்பார்கள். அந்தப் படத்தில் ரவிக்கையின் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்திருப்பார்கள். அந்த நடிகை அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவே மாட்டார் என்று சொல்வேன். நம்பமாட்டார்கள். நீங்கள் ஹோமப் புகையில் ரெண்டு மணி நேரம் சம்மணமிட்டு உட்காரவேண்டும், ஊர்ப் பெரியவர்கள் காலிலெல்லாம் குனிந்து எழவேண்டும் என்றதும் கொஞ்சம் யோசிப்பார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவரச் சொல்வேன். டிரையல் அன்றைக்குத் தரையில் உட்காரவைத்து, கையைத் தூக்கவைத்து, மாப்பிள்ளை பெயரைச் சத்தமாகக் கூப்பிடச் சொல்வேன். சிரிப்பார்கள். கூப்பிடும்போது ஹூக் இழுத்தால் ரவிக்கை திரும்ப மெஷினுக்குப் போகும். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் மறுபடி வரச்சொல்லி இன்னொரு தடவை பார்த்துத்தான் கொடுப்பேன்.